வீட்டு ஒயரிங் விதிகள் மாறிக்கொண்டே போகின்றன: எதை நம்பி வேலை செய்வது?

ஒயர்கட்டு கேட்டது:

வணக்கம். ஒயர்மேன் பி சான்றிதழ் வைத்திருக்கிறேன். உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் கீழ் வீட்டு வேலைகள்தான் அதிகம். விதிகளைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஐடிஐ நோட்டில் 1956-ஆம் வருட விதிகள். ஒப்பந்ததாரர் கையெழுத்துப் போடும் படிவத்தில் 2010. கடைக்காரர் 2023 என்கிறார். வீட்டுக்காரர் போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "ஆர்சிசிபி இல்லைன்னா இபி-ல கனெக்‌ஷனே தர மாட்டாங்களாமே?" என்று கேட்கிறார். (ஆர்சிசிபி என்றால் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி.)

இப்போது கையில் இருக்கும் வேலை: 1990-களில் ஒயரிங் செய்த கீழ்வீடு. மாடியில் ஒரு அறையும் பாத்ரூமும் புதிதாகக் கட்டுகிறார்கள். இன்வெர்ட்டர் உண்டு.

1. இன்றைக்குச் செல்லுபடியாவது எது? ஐஎஸ் தரநிலைகளும் சட்டம் மாதிரியே கட்டாயமா?
2. மெயினில் ஒரே ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மாட்டிவிட்டால் போதுமா?
3. மாடி அறைக்காகக் கீழ்வீட்டு ஒயரிங் முழுவதையும் மாற்றச் சொல்ல வேண்டுமா?
4. ஆர்சிசிபி மாட்டியதும், ஹாலில் ஒரு 9 வாட் எல்இடி பல்பைப் போட்டாலே டிரிப் ஆகிறது. பாத்ரூமில் இருக்கும் சின்ன பல்பைப் போட்டால் சில சமயம் நிற்கிறது, சில சமயம் விழுகிறது. 16 ஆம்பியர் பிளக்கில் அயர்ன் பாக்ஸ் போட்டால் ஒன்றும் ஆவதில்லை. வேறு கம்பெனி ஆர்சிசிபி போட்டும் இதேதான். வீட்டுக்காரர் அதைக் கழற்றச் சொல்கிறார்.
5. தினமும் கெசட்டைப் படித்துக்கொண்டிருக்க முடியாது. மாற்றம் வந்தால் தெரிந்துகொள்ள எளிய வழி என்ன?

மெகர்_மீனா பதில்:

முதல் கேள்விக்கு. எல்லாக் காகிதத்தையும் ஒரே தட்டில் வைப்பதால்தான் குழப்பம். மூன்று அடுக்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மேலே இருப்பது மின்சாரச் சட்டம் 2003. பாதுகாப்புக்கான ஒழுங்குமுறைகளை அதன் கீழ் மத்திய மின்சார ஆணையம் வெளியிடுகிறது. 1956 விதிகளின் இடத்தில் 2010-இல் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. அவற்றை நீக்கிவிட்டு 2023 ஜூனில் அடுத்தது வந்தது. பாதுகாப்பு, மின்வழங்கல் நடவடிக்கைகளுக்கான இந்த 2023 ஒழுங்குமுறைகள்தான் இப்போது செல்லும். உங்கள் ஒப்பந்ததாரர் படிவத்தில் 2010 என்று அச்சடித்திருந்தால், அது பழைய கட்டு தீராமல் கிடப்பதுதான். அடித்துவிட்டு 2023 என்று எழுதச் சொல்லுங்கள்.

அதே அடுக்கில் மாநிலத்து விதிகளும் வரும். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் மின் வழங்கல் விதித்தொகுப்பு, மின் பகிர்மான விதித்தொகுப்பு இரண்டும் 2004-இல் வந்தவை. ஆனால் திருத்தம் மேல் திருத்தமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. ஆர்சிடி, அதாவது ஆர்சிசிபி போன்ற கசிவுக் காவல் கருவி, கட்டாயம் என்பது தமிழ்நாட்டில் இந்தப் பகிர்மான விதித்தொகுப்பின் திருத்தம் வழியாக வந்தது. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர். ஆகவே உங்கள் வீட்டுக்காரர் பார்த்த வீடியோவில் விஷயம் இருக்கிறது.

இரண்டாவது அடுக்கு தரநிலைகள். வீட்டு ஒயரிங்குக்கு ஐஎஸ் 732, எர்த்துக்கு ஐஎஸ் 3043. 732-இன் 1989 பதிப்பை வைத்துப் படித்தவர்கள்தான் நம்மில் பாதிப் பேர். 2019 பதிப்பு அதன் திருத்தம் போல இருக்காது, புத்தகமே வேறு. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60364 வரிசையைத் தழுவி முழுதாக மாற்றி எழுதியிருக்கிறார்கள். 3043-க்கு 2018 பதிப்பு. ஒழுங்குமுறை என்ன சொல்கிறது என்றால், பொருள்கள் தரநிலைக்கு ஒத்திருக்க வேண்டும், வேலை முறைக்குத் தரநிலைகளைப் பின்பற்ற வேண்டும். விபத்து நடந்து ஆய்வாளர் வந்து நிற்கும்போது கையில் எடுக்கும் அளவுகோல் அதுதான். "கட்டாயம்னு எங்க எழுதியிருக்கு?" என்ற வாதம் அங்கே எடுபடாது.

ஒயர், சுவிட்ச், எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் அறுக்கும் சுவிட்ச்), ஆர்சிசிபி போன்ற பொருள்களுக்கோ தரக்கட்டுப்பாட்டு ஆணைகள் தனியாக இருக்கின்றன. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் விற்பதே குற்றம். இதில் பேச்சுக்கு இடமில்லை.

மூன்றாவது, தேசிய மின் தொகுப்பு. 2011-க்குப் பிறகு 2023-இல் புதிய பதிப்பு வந்திருக்கிறது. இது வழிகாட்டி. வடிவமைக்கும்போது நல்ல துணை.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: விதி எண்களை மனப்பாடம் செய்யாதீர்கள். எர்த்துக்கு 1956-இல் 61, 2010-இல் 41. மின்கசிவுப் பாதுகாப்புக்கு 61-ஏ என்பது 42 ஆனது. 2023-இல் எண்கள் மறுபடி நகர்ந்துவிட்டன. எண் மாறினாலும் கேட்பது பெரும்பாலும் ஒன்றே: உரிமம் உள்ளவர் செய்ய வேண்டும், இணைப்புக்கு முன் சோதிக்க வேண்டும், எர்த் இருக்க வேண்டும், கசிந்தால் துண்டிக்க வேண்டும்.

உரிமம் என்றதும் ஒரு விஷயம். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்சை அதே இடத்தில் மாற்றுவதற்கு விலக்கு உண்டு. மாடிக்குப் புது சர்க்யூட் இழுப்பது அந்த விலக்கில் வராது.

நியூட்ரல்_நாதன் பதில்:

நான்காவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் காகிதம், இதில்தான் கை அழுக்காகும்.

தம்பி, உங்கள் ஆர்சிசிபி சரியாகத்தான் வேலை செய்கிறது. அதைக் கழற்றாதீர்கள். நீங்கள் சொன்ன அறிகுறியிலேயே காரணம் தெரிகிறது. அயர்ன் பாக்ஸ் 3 அல்லது 4 ஆம்பியர் இழுத்தும் டிரிப் இல்லை. 9 வாட் பல்புக்கு டிரிப். அப்படியானால் பல்பு இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது, அயர்ன் பாக்ஸ் இல்லை.

நடப்பது இது. இன்வெர்ட்டருக்கான பிளக் லைனை ஆர்சிசிபிக்கு முன்னாலிருந்து, அதாவது மீட்டர் பக்க ஐசொலேட்டரிலிருந்து (மெயின் சுவிட்ச்) எடுத்திருப்பார்கள். டிரிப் ஆனாலும் பேட்டரி சார்ஜ் ஆகட்டும் என்ற நல்லெண்ணம். இன்வெர்ட்டர் அவுட்புட்டிலிருந்து ஃபேஸ் மட்டும் டிபி-க்கு (எம்சிபிகள் இருக்கும் மின் பகிர்வுப் பெட்டி) வருகிறது. நியூட்ரல் பழையபடி பொது நியூட்ரல் பாரில் (எல்லா நியூட்ரலும் சேரும் பட்டை). அந்தப் பார் இப்போது ஆர்சிசிபிக்குப் பின்னால் இருக்கிறது. பல்பு எரிய மின்னோட்டம் போகும் வழியில் ஆர்சிசிபி இல்லை, திரும்பும் வழியில் இருக்கிறது. போனதும் வந்ததும் சமமாக இல்லையென்றால் அறுப்பதுதான் அதன் வேலை.

கணக்கும் பொருந்துகிறது. 9 வாட் பல்பு 230 வோல்ட்டில் சுமார் 40 மில்லி ஆம்பியர் இழுக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15-க்கும் 30-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழலாம், தரநிலையே அப்படித்தான். ஆக 9 வாட்டுக்கு விழுந்தே தீரும். 5 வாட் பல்பு என்றால் 22 மில்லி ஆம்பியர் அளவு. அது நிற்கவும் செய்யும், விழவும் செய்யும். பாத்ரூம் பல்பின் ரகசியம் அவ்வளவுதான். பொருளை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது.

இன்வெர்ட்டர் இன்புட்டை ஆர்சிசிபிக்குப் பின்னால் மாற்றினால் கரண்ட் இருக்கும்போது டிரிப் நின்றுவிடும். பலர் அத்தோடு பில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் வீட்டில் கசிவு வந்தால் எல்லாம் சேர்ந்து அணையும், இன்வெர்ட்டர் லைனுக்கென்று தனிக் காவலும் இருக்காது. சரியான வழி இரண்டு நியூட்ரல் பார்: ஒன்று மெயின் லைனுக்கு, ஒன்று இன்வெர்ட்டர் லைனுக்கு. இன்வெர்ட்டர் அவுட்புட்டின் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் தனி 2 போல் ஆர்சிசிபி வழியாக அந்த இரண்டாவது பாருக்குக் கொண்டுவர வேண்டும்.

பழைய வீட்டில் சிக்கல் டிபி-யில் இல்லை, சுவிட்ச் பாக்ஸில் இருக்கிறது. ஃபேன், லைட், 6 ஆம்பியர் பிளக் எல்லாவற்றுக்கும் ஒரே நியூட்ரலை லூப் அடித்திருப்பார்கள். அதே பாக்ஸில் 16 ஆம்பியர் பிளக் மெயின் லைனில் இருந்தால், இரண்டு நியூட்ரலும் அங்கே கட்டிப்பிடித்துக் கிடக்கும். கண்டுபிடிக்க:

மெயினை அணைத்து, இன்வெர்ட்டரையும் அணைத்து, பேட்டரி முனையைக் கழற்றுங்கள். பலர் இதை மறந்துதான் ஷாக் வாங்குகிறார்கள். எல்லாப் பிளக்கிலும் செருகியதை உருவுங்கள். டிபி-யில் ஒவ்வொரு நியூட்ரலையும் பாரிலிருந்து கழற்றி, எந்த எம்சிபியின் ஜோடி என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். இப்போது மல்டிமீட்டரில் ஒரு நியூட்ரலுக்கும் இன்னொன்றுக்கும் இடையே பாருங்கள். கிட்டத்தட்ட 0 ஓம் காட்டினால் அந்த இரண்டும் வீட்டுக்குள் எங்கோ சேர்ந்திருக்கின்றன. சேர்ந்த ஜோடிகளை எழுதிக்கொண்டு, அந்த அறைகளின் பாக்ஸை மட்டும் திறந்தால் போதும். எல்லாப் பாக்ஸையும் திறந்து சுவரைக் கெடுக்க வேண்டியதில்லை.

மாடிப்படி விளக்கைத் தவறாமல் பாருங்கள். டூ-வே சுவிட்சுக்குக் கீழ்த்தள ஃபேஸ், பல்புக்கு மேல்தள நியூட்ரல் என்று கம்பி மிச்சம் பிடித்திருப்பார்கள். மாடி வேலை நடக்கும் வீட்டில் இது இன்னும் மோசமாகும். புது ஆர்சிபிஓ (ஆர்சிசிபியும் எம்சிபியும் சேர்ந்த கருவி) மாடிக்கு, பழைய ஆர்சிசிபி கீழே. படியில் விளக்கைப் போட்டால் இரண்டும் சேர்ந்து விழும்.

நியூட்ரல் பிரித்த பிறகும் விழுந்தால், நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நியூட்ரல் கம்பி அறுந்த இடத்தில் எர்த்தை நியூட்ரலாக மாட்டி பல்பை எரிய வைத்திருப்பார்கள், பழைய வீடுகளில் சர்வசாதாரணம். 500 வோல்ட் மெகர் (காப்பு எதிர்ப்பை அளக்கும் கருவி) வைத்து, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து எர்த்துக்கு எதிராக அளக்கவும். 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. எல்இடி டிரைவர், எஸ்பிடி (இடி மின்னல் அதிர்விலிருந்து காக்கும் கருவி) இரண்டையும் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். எஸ்பிடி இருந்தால் ரீடிங் தரையில் கிடக்கும், வீணாகச் சுவரை உடைப்பீர்கள்.

சும்மாகேட்டேன் பதில்:

இவ்வளவு வேலைக்கு எந்த வீட்டுக்காரர் கூலி கொடுப்பார்? 30-க்குப் பதில் 100 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டால் டிரிப் தொல்லை குறையும். விதிக்கும் ஆர்சிசிபி போட்ட மாதிரி ஆச்சு.

நியூட்ரல்_நாதன் பதில்:

குறையாது சார். நியூட்ரல் கலந்திருந்தால் மூணு பல்பு சேர்ந்து எரியும்போது 100-ம் விழும். ஃபேன் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதைவிட முக்கியம், 100-ம் 300-ம் தீப்பிடிப்பதைத் தடுக்கவும் மேல்நிலைக் காவலுக்கும். மனிதர் தொட்டால் காப்பாற்றும் அளவு 30. வீட்டுக்கு 30 என்று விதியே எண்ணைச் சொல்லும்போது 100 மாட்டினால், விபத்து நாளில் அந்த டப்பாவின் முகப்பில் எழுதியிருப்பதே நமக்கு எதிரான சாட்சி.

எர்த்பைப் பதில்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கீழ்வீடு முழுவதையும் பெயர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. புதிதாகச் செய்யும் பகுதி இன்றைய விதிப்படி இருக்க வேண்டும். ஆனால் அந்தப் புதுப் பகுதி எதில் தொங்குகிறதோ அதற்குத் தாங்கும் சக்தி இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. மெயின் கேபிள், ஐசொலேட்டர், எர்த், நியூட்ரல் பார், இவ்வளவும் பழையதோடு பொதுவானவை. மாடியில் ஏசியும் ஹீட்டரும் வந்தால் சர்வீஸ் லோடையும் உயர்த்த வேண்டியிருக்கும்.

எர்த்தை நான் முதலில் பார்ப்பேன். நம்மூர் வீடுகளில் பெரும்பாலும் வீட்டுக்கென்று தனி எர்த் குழி. இபி-யின் நியூட்ரல் தெருவில் டிரான்ஸ்பார்மர் அருகே தரையிறங்கும், நம் எர்த் நம் கொல்லையில். அதாவது பழுது மின்னோட்டம் மண் வழியாகத்தான் திரும்ப வேண்டும். "எம்சிபி இருக்கே, ஆர்சிசிபி எதுக்கு?" என்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். வீட்டு எர்த் 10 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்கம் 2 ஓம் என்று வையுங்கள். ஹீட்டரின் ஃபேஸ் அதன் உடம்பில் பட்டால் 230 வகுத்தல் 12, அதாவது சுமார் 19 ஆம்பியர். 16 ஆம்பியர் சி கர்வ் எம்சிபி உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 19-க்கு அது ஒரு மணி நேரம் ஆனாலும் விழாமல் இருக்கலாம். அந்த நேரம் முழுக்க ஹீட்டரின் உடம்பில் 190 வோல்ட் நிற்கும். இந்த மாதிரி எர்த் அமைப்பில் 0.2 விநாடிக்குள் துண்டிக்க வேண்டும் என்பது சர்வதேசத் தரநிலை வைக்கும் அளவு. எம்சிபியால் அது ஆகாது, ஆர்சிசிபியால் மட்டுமே ஆகும். விதி மாறியதன் அடிப்படைக் காரணமே இதுதான். இதைப் புரிந்துகொண்டால் அடுத்த திருத்தம் எந்தப் பக்கம் போகும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

ஆர்சிசிபி இருந்தால் எர்த் எப்படி இருந்தாலும் சரி என்று விட்டுவிடாதீர்கள். 50 வோல்ட்டை 30 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 1,667 ஓம் வரை தாங்கும் என்று கணக்கு சொல்லும். காகிதத்துக்குச் சரி. சித்திரை வெயிலில் குழி காய்ந்து அதே எர்த் பல மடங்கு ஏறும். 10 ஓமுக்குள் கொண்டுவரப் பாருங்கள்.

புதிதாக அடிப்பதானால்: 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், குறைந்தது 2.5 மீட்டர் நீளம். பிளேட் என்றால் 600-க்கு 600, ஜிஐ-யில் 6.3 மில்லிமீட்டர் கனம். சுவரிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி. ஒரு பைப்பில் ஓம் இறங்காவிட்டால் இரண்டாவதைப் பக்கத்திலேயே அடித்துப் பயனில்லை, நீளத்தைப் போல் இரண்டு மடங்கு, அதாவது 5 மீட்டர் தள்ளி அடியுங்கள். உப்பும் கரியும் கொட்டினால் ஆரம்பத்தில் ஓம் நன்றாக இறங்கும், ஆனால் உப்பு கரைந்து போகும், ஜிஐ-யையும் அரிக்கும். பென்டோனைட் களிமண் செலவு கூட, ஆனால் நிற்கும்.

அளப்பதற்கு மூன்று முளை முறை. கரண்ட் முளையை 30 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி, வோல்டேஜ் முளையை அந்தத் தூரத்தில் 62 சதவீதத்தில். வோல்டேஜ் முளையைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தி மூன்று ரீடிங். மூன்றும் நெருங்கி வந்தால்தான் நம்பலாம். அளக்கும்போது வீட்டு எர்த் கம்பியைக் குழியிலிருந்து கழற்ற வேண்டும், அதற்கு முன் மெயினை அணைக்க வேண்டும். 30 மீட்டர் இடமில்லாத நெருக்கமான தெருவில் லூப் டெஸ்டர்தான் வழி. அதை ஆர்சிசிபிக்கு முன்னால் மாட்டுங்கள், பின்னால் மாட்டினால் டெஸ்டரே டிரிப் அடிக்கும்.

மாடிக்கு: ஒவ்வொரு பிளக்குக்கும் எர்த் கம்பி, 16 சதுர மில்லிமீட்டர் வரை ஃபேஸ் என்ன சைஸோ எர்த்தும் அதே சைஸ். கன்சீல்டு பைப்பில் வெறும் ஜிஐ கம்பி ஓட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது, வேண்டாம். ஹீட்டருக்கும் ஏசிக்கும் தனித்தனி சர்க்யூட். பிளக்குகள் ஐஎஸ் 1293-இன் 2019 பதிப்புப்படி ஷட்டர் உள்ளவை.

ஒயர்கட்டு பதில்:

நன்றி அண்ணா, நன்றி மேடம். நாதன் அண்ணன் சொன்னபடியே இன்வெர்ட்டர் இன்புட் ஐசொலேட்டரிலிருந்துதான் எடுத்திருக்கிறது. படி விளக்கின் நியூட்ரலும் மேல்தளத்தது. இன்னும் இரண்டு சந்தேகம். மெயினில் ஒரு 30, மாடிக்கு ஒரு 30 என்று போட்டால் மாடியில் பழுது வரும்போது மாடி மட்டும் விழுமா? கடையில் ஏசி டைப், ஏ டைப் என்று இரண்டு விலை சொல்கிறார்கள். எது வாங்குவது?

மெகர்_மீனா பதில்:

மாடி மட்டும் விழும் என்று சொல்ல முடியாது. ஒரே 30 உள்ள இரண்டை வரிசையாக வைத்தால் எது முதலில் என்பது அதிர்ஷ்டம், பல நேரம் இரண்டும் விழும். மெயினில் வைப்பதானால் 100 அல்லது 300 மில்லி ஆம்பியர், தாமதமாக விழும் எஸ் வகை. அதன் கீழே பகுதி வாரியாக 30. ஆனால் எஸ் வகைக்குக் கீழே 30 இல்லாமல் ஒரு சர்க்யூட்டைக் கூட விடக் கூடாது. சிறு வீட்டுக்கு என் விருப்பம் இன்னும் எளிது: மெயினில் வெறும் 2 போல் ஐசொலேட்டர், அதன் பிறகு பக்கம் பக்கமாக 30 ஆர்சிசிபிகள். கீழ்வீடு மெயின் லைனுக்கு ஒன்று, இன்வெர்ட்டர் அவுட்புட்டுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று. ஹீட்டர், போர் மோட்டார் இரண்டுக்கும் தனி 2 போல் ஆர்சிபிஓ. ஈரம் ஏறிக் கசிவது இவை இரண்டும்தான். மழைக்காலத்தில் மோட்டார் கசிந்தால் ஃபிரிட்ஜ் ஏன் அணைய வேண்டும்? இந்த அமைப்பில் ஐசொலேட்டரிலிருந்து ஒவ்வொரு ஆர்சிசிபி வரைக்கும் உள்ள துண்டு கம்பிக்குக் கசிவுக் காவல் கிடையாது. ஆகவே டிபி பெட்டி இரும்பாக இல்லாமல் காப்புப் பொருளில் இருக்கட்டும்.

'ஒன்று போதுமா' என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. ஒரே ஒரு 30 மெயினில் இருந்தால் ஆய்வுக்கு வருபவர் டிக் அடித்துவிடுவார். ஆனால் வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் போன்ற சாதனங்கள் பழுதில்லாமலேயே கொஞ்சம் கசியவிடும். ஒவ்வொன்றும் 3.5 மில்லி ஆம்பியர் வரை அனுமதி. ஒரு ஆர்சிசிபியின் கீழ் இந்த இயல்பான கசிவு மொத்தம் 9-ஐத் தாண்டாமல் வைப்பது நல்லது, அதாவது 30-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. வீடு முழுதும் ஒன்றில் தொங்கினால் காரணமில்லாமல் விழும். வீட்டுக்காரர் எரிச்சலில் பைபாஸ் செய்யச் சொல்வார். நம் ஊரில் ஆர்சிசிபிகள் சாவதே அப்படித்தான்.

டைப்: ஏ வாங்குங்கள். ஏசி டைப் சுத்தமான மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் பார்க்கும். இன்வெர்ட்டர் ஏசி, புது வாஷிங் மெஷின், இண்டக்‌ஷன் அடுப்பு உள்ளே ரெக்டிபையர் இருக்கிறது. பழுது வந்தால் பாதி அலைக் கசிவு வரும், ஏசி டைப் அதைக் கவனிக்காமல் விடலாம். மின் வாகன சார்ஜர் வைக்க நினைத்தால் ஏ டைப்பும் தனியாகப் போதாது. 6 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டக் கசிவைக் கண்டறியும் அமைப்பு சார்ஜருக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் பி டைப். சார்ஜருக்குத் தனி சர்க்யூட், அதற்கென்று தனி ஆர்சிடி, வேறெதுவும் அதில் சேரக் கூடாது.

ஆம்பியர் தேர்வில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஆர்சிசிபி ஓவர்லோடைப் பார்க்காது. அதன் முன்னால் இருக்கும் எம்சிபியின் அளவு ஆர்சிசிபியைத் தாண்டக் கூடாது. 32 எம்சிபி, 40 ஆர்சிசிபி சரி. 63 எம்சிபிக்குக் கீழே 40 ஆர்சிசிபி போட்டால் ஆர்சிசிபிதான் முதலில் எரியும்.

மாட்டியதும் டெஸ்ட் பட்டனை அழுத்திவிட்டு வந்துவிடாதீர்கள். அந்தப் பட்டன் உள்ளே இருக்கும் பொறியைத்தான் சோதிக்கிறது, வீட்டு எர்த்தை அல்ல. எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் பட்டன் வேலை செய்யும். ஆர்சிடி டெஸ்டரை ஒரு பிளக்கில் வைத்துப் பாருங்கள்: 15 மில்லி ஆம்பியரில் விழக் கூடாது, 30-இல் 300 மில்லி விநாடிக்குள், 150-இல் 40 மில்லி விநாடிக்குள். டெஸ்டரில் 0 டிகிரி, 180 டிகிரி என்ற இரண்டு அலை நிலையிலும். டெஸ்டர் வாங்க வசதியில்லையென்றால் ஒப்பந்ததாரரிடம் கேளுங்கள். சோதனை அறிக்கையில் கையெழுத்து அவருடையது, கருவியும் அவர் பொறுப்பில் இருக்கட்டும்.

எர்த்பைப் பதில்:

ஐந்தாவது கேள்வி விட்டுப்போனது.

கெசட்டைத் தினமும் படிக்க வேண்டாம். மாதத்தில் ஒரு நாள், நான்கு இடம். மத்திய மின்சார ஆணையத் தளத்தில் ஒழுங்குமுறைகள் பக்கம். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத் தளத்தில் இரு விதித்தொகுப்புகளின் திருத்தங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத் தளத்தில் 732, 3043, 1293, 694, 12640 என்று எண்ணைப் போட்டால் இப்போதைய பதிப்பும் அதற்கு வந்த திருத்தத் தாள்களும் தெரியும். பதிவு செய்துகொண்டால் இந்தியத் தரநிலைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், யாரோ அனுப்பிய பழைய பிடிஎஃப்பை நம்பவேண்டியதில்லை. நான்காவது, மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் அறிவிப்புகள். உங்கள் பி சான்றிதழின் புதுப்பிப்புத் தேதியையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அது காலாவதியானால் மற்றதெல்லாம் தெரிந்தும் பயனில்லை.

வரைவு என்று போட்டிருந்தால் அது இன்னும் விதி அல்ல, கருத்துக் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் "இன்று முதல் கட்டாயம்" செய்திகளில் கணிசமானவை வரைவைப் பார்த்து எழுதியவை. ஆனாலும் வரைவைப் படியுங்கள், அடுத்து வரப்போவது தெரியும். ஒரு திருத்தத்தைத் திறந்ததும் பார்க்க வேண்டியது மூன்றே: எந்தத் தேதியிலிருந்து, புது இணைப்புக்கா பழையதற்குமா, எந்த லோடுக்கு மேல். அந்த மூன்றையும் நோட்டில் ஒரு வரியாக எழுதிவிட்டால் முழுப் பக்கத்தையும் நினைவில் வைக்க வேண்டாம்.

பொருள் வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே உள்ள சிஎம்/எல் எண்ணை (தயாரிப்பாளரின் உரிம எண்) பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரும் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதும் வரும். கடையில் நின்றபடியே செய்துவிடலாம். ஒயர் தேர்வில் 694 பிவிசி, புகை குறைவாக வேண்டுமென்றால் ஹாலோஜன் இல்லாத 17048. பெட்டியின் மேல் 'எஃப்ஆர்' (தீ எளிதில் பரவாதது) என்று மட்டும் பெரிதாக எழுதி எண்ணைக் காட்டாதவற்றைத் திருப்பிக் கொடுங்கள்.

கடைசியாக டிபி கதவின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர். எந்த எம்சிபி எந்த அறைக்கு, எந்த நியூட்ரல் பார் எதற்கு, எர்த் எத்தனை ஓம், மெகர் ரீடிங், ஆர்சிடி விழுந்த மில்லி விநாடி, தேதி, எந்த ஆண்டு ஒழுங்குமுறை, ஐஎஸ் 732 எந்தப் பதிப்பு. அதன் கீழே மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொல்லி வீட்டுக்காரருக்குத் தமிழில் ஒரு வரி. விதி மறுபடி மாறும்போது அடுத்து வரும் ஒயர்மேன், அது நீங்களாகவே இருந்தாலும், எங்கிருந்து தொடங்குவது என்று தேடவேண்டி வராது.

ஒயர்கட்டு பதில்:

ஸ்டிக்கரில் இன்வெர்ட்டர் பேட்டரியைக் கழற்றாமல் பாக்ஸைத் திறக்காதே என்றும் சேர்த்துவிடுகிறேன். டிபி-யில் எஸ்பிடியும் போடச் சொல்கிறார் ஒப்பந்ததாரர். அதை எங்கே வைப்பது, ஆர்சிசிபிக்கு முன்பா பின்பா?

நியூட்ரல்_நாதன் பதில்:

முன்பு. பின்னால் வைத்தால் இடி இறங்கும்போது எஸ்பிடி எர்த்துக்குத் தள்ளும் மின்னோட்டத்தை ஆர்சிசிபி கசிவு என்று நினைத்து விழும், அதன் காண்டாக்ட்டும் ஒட்டிக்கொள்ளலாம். நம் வீட்டு எர்த் தனி என்பதால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வேரிஸ்டர், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஸ்பார்க் கேப் இருக்கும் 1+1 வகையைக் கேட்டு வாங்குங்கள். எஸ்பிடிக்கு முன்னால் அதன் தயாரிப்பாளர் சொல்லும் அளவில் தனி எம்சிபி அல்லது ஃபியூஸ். எஸ்பிடிக்குப் போகும் கம்பியும் அதிலிருந்து எர்த் பாருக்குப் போகும் கம்பியும் சேர்ந்து அரை மீட்டருக்குள், சுருட்டாமல், நேராக.